பிரேக்கில் சிக்கிய காற்று

அப்பா,

இருட்டறை அலமாரியில் படம் கழுவும் ஹைப்போ பாட்டிலைத் தேடியபோது கைக்கு வேறொரு டின் அகப்பட்டது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். விளக்கெண்ணெயில் ஸ்பிரிட்டைக் கலந்தாற்போல ஒரு வாசனை. பிரேக் ஆயில். போட்டோ ஸ்டுடியோவில் பிரேக் ஆயில் வைத்திருந்த ஆள் தர்மபுரி ஜில்லாவிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிரேயில் ஒரு கல்யாண ஜோடி மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. நான் டின்னை மூக்கருகே வைத்தபடி நின்றுவிட்டதில் மாப்பிள்ளை கறுத்தே போனார். பரவாயில்லை, இன்னொரு தாள் போட்டால் மறுபடி வெளுத்துவிடுவார்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நான் வாயைத் திறந்து சொல்லவில்லையே.

நம் பச்சைக் காரிலிருந்து தொடங்குகிறேன். நல்லம்பள்ளிக்கும் சித்தேரிக்கும் கல்யாணப் படம் எடுக்கப் போக, ஒரு மாங்காய் மண்டிக்காரர் ஓட்டித் தேய்த்துவிட்ட வண்டியை வாங்கிப் போட்டீர்கள். ஏற்றத்தில் அதற்கு மூச்சு வாங்கும், இறக்கத்தில் நமக்கு மூச்சு நிற்கும். முன் சக்கரங்களுக்குச் சேலத்தில் டிஸ்க் பிரேக் போட்டாயிற்று. பின் சக்கரங்களில் பழைய டிரம்தான். ஒரு மூடிய டப்பாவுக்குள் இரண்டு பட்டைகள் விரிந்து உரசி வண்டியை நிறுத்தும். விடாமல் மிதித்தால் டப்பா சூடேறிப் பிடி விட்டுப்போகும்.

அது விட்டுப்போனது ஓர் ஆடிப் பதினெட்டு அன்று. தாலிக்கயிறு மாற்ற அம்மா நம்மோடு காரில் ஒகேனக்கலுக்கு வந்துகொண்டிருந்தாள். மடியில் தட்டு, தட்டில் மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி. பென்னாகரம் தாண்டி மலைரோட்டில் இறங்கும்போது பின்னாலிருந்து புகை வந்தது. முதலில் நான் அதை மேகம் என்று நினைத்தேன், அவ்வளவு அழகாக இருந்தது. நீங்கள் கியரைக் குறைத்து, வண்டியை மண்மேட்டில் உரசி நிறுத்தினீர்கள். குங்குமம் அம்மாவின் புடவையெல்லாம் கொட்டிக் கிடந்தது.

"பிரேக்கு போச்சுங்களா?" என்றாள்.

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எறக்கந்தான் ஜாஸ்தி."

"போன வருசமும் இதே எறக்கந்தானுங்களே?"

"அன்னிக்கி வெயிலு இல்ல."

அம்மா கதவைத் திறந்தாள். தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஆற்றுக்கு நடந்தே போய், கயிறு மாற்றி, பஸ்ஸில் வீடு திரும்பிவிட்டாள். "இனிமே அந்த வண்டியில நான் கால வெக்க மாட்டேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்த ஒரு வருஷம் எனக்குக் கனவு மாதிரித்தான் நினைவிருக்கிறது. அம்மா எங்கே போனாலும் பஸ். அதே ஊருக்குப் போகும்போதுகூட நாம் காரில், அவள் முன்னால் பஸ்ஸில். புளியமர நிழல் அவள் முகத்தில் விழுந்து விழுந்து போகும். நீங்கள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய் ஹாரன் அடிப்பீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவள் திரும்பியே பார்க்க மாட்டாள். "உங்கம்மா என்னிய ஓவர்டேக் பண்ணிட்டா, கண்ணு" என்பீர்கள். சிரித்தபடிதான் சொல்வீர்கள். ஆனால் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டீர்கள்.

அடுத்த ஆடிக்குள் அவளை முன் சீட்டில் உட்கார வைப்பது என்று முடிவெடுத்தீர்கள். பெங்களூருக்குப் போய், பழைய இரும்புக் கடையில் நொறுங்கிக் கிடந்த ஒரு வெளிநாட்டுக் காரின் டிஸ்க்குகளையும் காலிப்பர்களையும் வாங்கி வந்தீர்கள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு. காலிப்பர் அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். காற்றில் திறந்து கிடப்பதால் சூடு தங்காது. கழற்றுவதற்கு முன்னால் அந்தக் காரின் இடது சக்கரத்தைப் படமும் எடுத்திருந்தீர்கள். வீட்டில் வைத்து மாட்டும்போது இடது எது, வலது எது என்று குழம்பக் கூடாதல்லவா? படத்தில் சக்கரத்துக்குப் பின்னால் கடையின் கன்னடப் பலகையும் விழுந்திருந்தது.

பிரிண்ட் போடும் வேலை என்னுடையது. நெகட்டிவை வைக்கும்போது நீங்கள் ஓயாமல் சொல்வது ஒன்று உண்டு: "பளபளப்பு வானத்தப் பாக்கணும், மங்கல் தாளப் பாக்கணும்." கவிழ்த்து வைத்தால் இடம் வலமாகிவிடும். நான் வேண்டுமென்றே எத்தனையோ பேரைக் கவிழ்த்திருக்கிறேன். தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவரைக் கவிழ்த்துப் போட்டதில் அவர் வகிடு, மச்சம் எல்லாம் இடம் மாறிப்போயின. அவரோ படத்தைக் கையில் வாங்கி, "இத்தன வருசத்துல இதுலதானுங்க அச்சு அசலா நானே இருக்கறேன்" என்று மெச்சிவிட்டுப் போனார். அவர் தன் முகத்தைக் கண்ணாடியில் மட்டும்தானே பார்த்திருக்கிறார். நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு லைசென்ஸ்.

அப்பா, அந்தச் சக்கரத்துப் படத்தையும் நான்தான் கவிழ்த்துப் போட்டேன்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. உங்களுக்குக் கன்னடம் எழுதப் படிக்கத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பலகை எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருந்தால் கண்டுபிடிப்பீர்களா என்று பார்க்க ஆசை. டிரேக்குள் அந்தச் சக்கரம் நிலா மாதிரி எழுந்து வந்தது. ஈரம் சொட்டச் சொட்ட எடுத்துக் காட்டினேன்.

"இதுல என்னங்கப்பா எழுதியிருக்குது?"

"இரும்பு வியாபாரம்னு போட்டிருக்கான். பழசு வாங்கப்படும்னு கீழ." தயக்கமே இல்லாமல் படித்தீர்கள்.

இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சிரித்தேன். பலகையோடு சக்கரமும் திரும்பிவிட்டது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஆனி மாதம் முழுக்க வாசலில் வேலை நடந்தது. கார் பின்பக்கம் கல்லடுக்கின் மேல் நின்றது. டெவலப்பர் டிரேயில் நட்டும் போல்ட்டும் ஊறின. கழற்றிய ஒவ்வொரு கட்டத்தையும் நீங்கள் படமெடுக்க, நான் பிரிண்ட் போட்டுத் துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். அம்மாவின் புடவைக்கும் உங்கள் வேட்டிக்கும் நடுவில் டிரம், பட்டை, ஸ்பிரிங் எல்லாம் காற்றில் ஆடின. காலிப்பரைத் தாங்க லேத்துப் பட்டறையில் கடைந்த பிராக்கெட்டை அச்சில் பூட்டினீர்கள். கவிழ்ந்த படத்தைப் பார்த்துக் காலிப்பர்களில் சாக்பீஸால் 'இ' என்றும் 'வ' என்றும் எழுதி மாட்டினீர்கள். கை பிரேக் அந்த டிரம்மோடு சேர்ந்தது என்பதால் அதுவும் போயிற்று. நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டியதுதான். "கை பிரேக் போயி கல் பிரேக் வந்துருச்சுங்கப்பா" என்றேன். வண்டிக்கடியிலிருந்து ஸ்பானர்தான் பதில் சொன்னது, டணார் என்று.

பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவதுதான் கடைசி வேலை. நான் சீட்டில், நீங்கள் அடியில். காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி, குளுக்கோஸ் ஏற்றும் டியூபை மாட்டிப் பாட்டிலில் விட்டிருந்தீர்கள்.

"மிதி."

"மிதிச்சுட்டேன்."

"புடி... புடி... வுடு."

டியூபில் குமிழிகள் முத்து முத்தாக வரும், பிறகு நிற்கும். பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கும். மறுபடி மிதி, புடி, வுடு. எட்டு நாள். என் கால் தூக்கத்திலும் மிதித்தது. ஒரு சாயங்காலம் பொறுமை இழந்து வண்டியைக் கல்லடுக்கிலிருந்து இறக்கி நகர்த்திப் பார்த்தோம். அது நடக்கிற வேகத்தில் போய், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல், குரோட்டன்ஸ் தொட்டியை முட்டி உடைத்த பிறகே நின்றது. ஜன்னலில் நின்று பார்த்த அம்மா உள்ளே போனாள். ஆடிப் பதினெட்டுக்கு ஐந்து நாள். அன்று ராத்திரி நீங்கள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மறுபடி மிதி, புடி, வுடு. அம்மா கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்தாள். வண்டிக்கடியில் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, காத்து இந்தத் திருகு வழியாவா வரணும்?"

"ஆமா."

"ஒல கொதிக்கறப்ப கொமிழி மேல வருமுங்களா, கீழ போவுமுங்களா?"

நீங்கள் டியூபைப் பார்த்தீர்கள்.

"ஓட்டைய அடியில வெச்சுக்கிட்டு காத்த வா வான்னா எப்படிங்க வரும்? அது மேல குந்திக்கிட்டு உங்களப் பாத்துச் சிரிக்குது."

நீங்கள் அடியிலிருந்து வெளியே வந்தீர்கள். கொடியிலிருந்து அந்தப் படத்தை எடுத்தீர்கள். திருப்பி, முதுகுப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டிப் பிடித்தீர்கள். தாளின் வழியே சக்கரம் தெரிந்தது, பலகை தெரிந்தது, எழுத்தெல்லாம் நேராக நின்றது. வெகு நேரம் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். என் கால் பெடல் மேலேயே உறைந்து கிடந்தது. இடது காலிப்பர் வலதிலும் வலது இடதிலும் இருந்தன. பக்கம் மாறினால் காலிப்பர் தலைகீழாகத்தான் பொருந்தும், அதனால்தான் மேலே இருக்க வேண்டிய திருகு அடியில் போய் நின்றது.

அம்மா கேட்டாள், "என்னாச்சுங்க?"

படத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள்.

"தப்பு எம்மேலதான். எடது வலது பாக்காம மாத்திப் பூட்டிட்டேன்." கொஞ்சம் நின்று, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "போன வருசமும் பிரேக்குதான் போச்சு. எறக்கம் இல்ல."

அம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். உள்ளே சோறு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவள் நகரவில்லை.

மாற்றிப் பூட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. திருகைத் தளர்த்தியதும் காற்று புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு வெளியேறியது. பெடல் கல் மாதிரி நின்றது. சோதித்துப் பார்க்கக்கூட அம்மா காத்திருக்கவில்லை. ஈரக் கையோடு வந்து முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "சும்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றாள். அவள் ஏறியது டிஸ்க்கை நம்பி அல்ல என்று எனக்கு அன்றே புரிந்தது. ஆடிப் பதினெட்டு அன்று அதே இறக்கத்தில் இறங்கினோம். அவள் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தாள். காற்றில் முடி பறந்து உங்கள் தோளில் விழுந்தது. கீழே ஆறு இரைந்தது. நீங்கள் ஹாரனே அடிக்கவில்லை.

நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், ஆடி போகட்டும், தீபாவளி போகட்டும் என்று இருந்தேன். தை மாதத்தில் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அவசரத்தில் அதையெல்லாம் யார் பேசுவது?

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் நடுவில் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "இருவது வருசத்துல ஒரே ஒரு தடவ, தப்பு எம்மேலதான்னு வாயத் தொறந்து சொன்னாருங்க. அது போதும் எனக்கு." காபித் தட்டோடு நின்ற நான் அப்படியே சமையலறைக்குத் திரும்பிவிட்டேன். அவள் பத்திரமாக வைத்திருக்கும் அந்த ஒரு தப்பு என்னுடையது. அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டால் அவளிடம் என்ன மிஞ்சும்?

போன வாரம் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா படியில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்கப்பா கோணலா ஒரு படம் எடுத்தவரில்ல. அவரு எப்புடிடீ எடது வலது பாக்காம வுட்டாரு?"

என்னையே பார்த்தாள். துணியைப் பிழிந்தேன். பொய் சொல்லும்போது நான் முகத்தை மறைத்துக்கொள்வது அவளுக்குத் தெரியும். அதனால் நிமிர்ந்தே சொன்னேன்.

"அவசரம்மா. ஆடி வந்துருச்சில்ல. உன்னிய எப்படியாவது கூட்டிட்டுப் போவணும்னு."

"அப்படியாத்தான் இருக்கும்" என்றாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னதாகச் சிரித்தாள். நான் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன், அப்பா. ஏமாற்றிவிட்டுச் சிரிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.