சிக்னல் கோளாறு அல்ல

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. மழைக்காற்றுதான், ஆனால் மழை எங்கள் வேலம்பாளையம் வரை வராது. கொடியில் போட்ட அப்பாவின் வேட்டி பக்கத்து மாடிக்குப் பறந்துவிட்டது. போய் எடுத்துவந்தேன்.

அம்மா மட்டும் சர்ச்சுக்கு. நான் அப்பாவோடு. குளிக்கவைத்தேன். வலது கையை நீட்டி மடக்கும் பயிற்சி. பிறகு பேச்சுப் பயிற்சி: தட்டு, தலை, தண்ணீர். எல்லாவற்றுக்கும் "செரி" என்கிறார். பக்கவாதம் வந்த பிறகு அவரிடம் முழுசாக மிஞ்சியவை இரண்டு பேச்சுதான். ஒன்று "செரி". இன்னொன்று "அட போடா". கோபம் வந்தால் இரண்டாவது அட்சரசுத்தமாக வரும். டாக்டர் இது சகஜம் என்றார்.

பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களுக்கு ஃபிட்டர் அப்பா. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். எனக்கும் சேர்த்து அவரே பேசினார். சின்ன வயதிலிருந்தே எனக்குத் திக்கும். கடையில், பள்ளிக்கூடத்தில், கல்லூரி அட்மிஷனில்: "பாப்பா பேரு ஜெசிந்தாங்க." என் பெயரை நானே சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை. அவர் விழுந்த அன்று ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். பேச வேறு ஆள் இல்லை. "பேஷன்ட் பேரு?" ஜோசப். 'ஜ' எனக்கு வரவே வராத எழுத்து. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் சொன்னேன்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு, கடைசி வருடம் அது. நின்றுவிட்டது. பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போனேன். விட்ட பரீட்சைகளைப் போன வருடம் எழுதி முடித்தேன். பகலில் நான் கம்பெனி, பொழுது சாய்ந்தால் அம்மா பேக்கிங் வேலை. நான் வீடு வந்தால்தான் அம்மா செருப்பு மாட்ட முடியும்.

சாப்பாட்டுக்குப் பிறகு மெயில் பார்த்தேன். கோவையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. புதன் காலை வீடியோவில் இன்டர்வியூ.

இதற்கு முன் வந்ததெல்லாம் போன் இன்டர்வியூ. "உங்க பேர் சொல்லுங்க" என்பார்கள். நான் 'ஜெ'யில் நிற்பேன். "ஹலோ? ஹலோ? உங்க பக்கம் சிக்னல் இல்ல போலிருக்கு." வைத்துவிடுவார்கள். திருப்பிக் கூப்பிட்டவர் எவரும் இல்லை.

செய்ய வேண்டியவை:
சார்ஜர் ஒயருக்கு டேப்
புதன் லீவு
அப்பாவுக்கு பி.பி. மாத்திரை
திக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதா, வேண்டாமா?

ஜூன் 9, திங்கள்

கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம். குழந்தைகள் பனியன், மஞ்சள். கண்ணை மூடினாலும் மஞ்சள்.

என் டேபிளில் எதிரே ரூபி. ஜார்க்கண்டுக்காரி. தமிழ் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். அதனாலோ என்னவோ நான் நிற்கும்போது அவசரப்பட மாட்டாள். சொல்லுக்காகக் காத்திருப்பது அவளுக்கும் பழக்கம். நான் பேசும் கொஞ்ச இந்தியில் திக்கல் குறைவு. ஏன் என்று தெரியவில்லை.

சூப்பர்வைசர் அண்ணனிடம் லீவு கேட்டேன். "ஏங்கண்ணு, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?" தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். என் பாதி வாழ்க்கை அப்படித்தான் போனது. மற்றவர்கள் என் வாயில் எடுத்துவைத்த பதிலுக்குத் தலையாட்டுவது. 'காபி' வராது என்பதற்காக டீ குடிப்பேன். மசாலா தோசை வேண்டும், வாய்க்கு வருவது இட்லி. இட்லி சாப்பிடுவேன்.

"இ… இல்லீங்ணா. இன்டர்வியூ."

"எந்தக் கம்பெனி? செக்கிங்கா, டெய்லரா?"

"கம்… கம்ப்யூட்டருங்ணா."

"அப்புடியா! செரி, போய்ட்டு வா சாமி. மத்தியானம் வந்துரோணும், லாரி வருது."

சாயந்தரம் சபீனா போன். கல்லூரித் தோழி, இப்போது பெங்களூரில் வேலை. மெயிலில் முன்னாடியே சொல்லலாமா என்று கேட்டேன்.

"லூசாடி நீ? படிச்சிட்டு உன்னைக் கூப்பிடவே மாட்டாங்க. வீடியோ போட்டுட்டு சமாளிச்சுக்கோ."

அம்மாவும் அதையே சொன்னாள். "நாமளே போயி நம்ம கொறையச் சொல்லோணுமா?"

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தூக்கம் வரவில்லை. ஏதோ எழுதிவைத்தேன், அனுப்பவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் காற்று. கரண்ட் போய்ப் போய் வந்தது.

லேப்டாப் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்தது. மூடி உடைந்துவிட்டது. பனியன் கம்பெனி எலாஸ்டிக்கால் சுவர் ஆணியோடு இழுத்துக் கட்டினால் நிற்கும். நாளை கேமராவில் தெரியாது.

இன்டர்வியூவில் காட்ட நான் செய்த ஒரு வெப் பக்கம் இருக்கிறது. அப்பாவுக்காகச் செய்தது. போனில் பெரிய பெரிய படங்கள்: தண்ணீர், டீ, வலி, ஃபேன், டிவி. தொட்டால் குரல் சொல்லும். என் குரலில் பதிவு செய்யப் பார்த்தேன், ஒரு 'தண்ணி'க்கே அரை மணி நேரம் ஆனது. கடைசியில் அம்மாவைப் பேசவைத்தேன். இன்று அப்பா டீ படத்தைத் தொட்டார். போன் அம்மா குரலில் "டீ வேணும்" என்றது. மறுபடியும் தொட்டார். மறுபடியும். அடுக்களையிலிருந்து அம்மா: "என்னைய வேலை வாங்கறதுக்கு என்ற கொரலையே புடிச்சுக் குடுத்துட்டாளே உங்க மக!" அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் போகும் சிரிப்பு. மறுபடியும் தொட்டார்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு மெயிலை அனுப்பிவிட்டேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: எனக்குத் திக்கும். பேசும்போது நடுவில் நின்றுவிடுவேன். அது சிக்னல் கோளாறு அல்ல. காத்திருந்தால் பதில் வரும்.

பதில் இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

முடிந்தது. மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

அப்பாவை உள் அறையில் டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு அம்மா கதவோரம் காவல். திரையில் இரண்டு பேர். நடு வயதில் வித்யா மேடம், கண்ணாடி. என் வயதில் ஒருவர், மனோஜ்.

மேடம்: "வணக்கம் ஜெசிந்தா. மெயில் படிச்சோம்." அவ்வளவுதான் அதைப் பற்றி. என் பெயரை அவரே சொல்லிவிட்டார். அதற்காகத்தான் சொன்னாரா என்று தெரியாது. நன்றி.

முதல் கேள்விகள் சாதாரணம். நின்றேன், சொன்னேன், நின்றேன். மேடம் காத்திருந்தார். மனோஜுக்குப் பொறுக்கவில்லை. நான் ஆரம்பித்தால் அவர் முடித்துவைத்தார். கெட்ட எண்ணம் இல்லை, உதவிதான். முதல் இரண்டு முறை அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. தலையாட்டினேன். சுலபமாகத்தான் போனது.

பிறகு அப்பாவுக்காகச் செய்த பக்கத்தைத் திறந்து காட்டினேன், அவர் கை நடுங்கும் என்பதையும் சொன்னேன். மேடம் கேட்டார்: "கை நடுங்குறவர் தொட்டா, ஒரே பட்டனை ரெண்டு மூணு தடவை தொட்ட மாதிரி ஆகாதா? என்ன பண்ணீங்க?"

"அது… அதுக்கு நான்…"

மனோஜ்: "முதல் தடவை தொட்டதும் பட்டனை லாக் பண்ணிட்டீங்க. கரெக்டா?"

நல்ல பதில்தான். நிறைய பேர் அப்படித்தான் செய்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். ஆமாம் என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆனால் பட்டன் லாக் ஆனபோது அப்பா போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கட்டிலில் அடித்தார். அன்று முழுதும் அதைத் தொடவில்லை. ஒரு வாரம் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்துதான் வேறு வழி கண்டுபிடித்தேன். அது என்னுடையது.

"இல்லைங்க."

மனோஜ் நிமிர்ந்தார்.

"வி…" நின்றுவிட்டது. நீண்ட நேரம். கண்ணில் தண்ணீர் வந்தது. கதவோரம் அம்மா சிலுவை போட்டுக்கொள்வது தெரிந்தது. மனோஜ் வாயைத் திறந்தார். மேடம் கையை லேசாக உயர்த்த, மூடிக்கொண்டார்.

"விரல் ஒரு எடத்துல நி… நிக்கிற வரைக்கும் காத்திருக்கும். நின்னப்பறம்தான் எடுத்துக்கும்."

"எவ்வளவு நேரம் காத்திருக்கும்?"

"அது ஆ… ஆளைப் பொறுத்துங்க. அப்பாவுக்கு ஏத்த மாதிரி வெச்சிருக்கேன். மாத்திக்கலாம்."

மேடம் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு புரோகிராம் எழுதுவது பற்றிய கேள்விகள். ஒன்றுக்குப் பதில் தெரியவில்லை, தெரியாது என்றேன்.

வெளியே வந்தால் அம்மா: "ஏஞ்சாமி, அத்தனை தடவ நின்னுட்டியே."

மத்தியானம் கம்பெனி. லாரி வந்திருந்தது. மஞ்சள் பனியன்.

ஜூன் 13, வெள்ளி

மெயில் இல்லை. அடை சுட்டோம். அப்பாவுக்கு இரண்டு நாளாக இருந்த கால் வீக்கம் வற்றியிருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

கிடைத்துவிட்டது! டிரெய்னி. ஜூலை முதல் தேதி சேர வேண்டும், தினமும் நேரில்.

கம்பெனி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெயிலைப் படித்தேன். ரூபிக்குத்தான் முதலில் காட்டினேன். செக்கிங் டேபிளைச் சுற்றி வந்து கட்டிக்கொண்டாள். "மிட்டாய் எங்கே?"

வீட்டில் சண்டை.

"கோயமுத்தூருக்குப் போயிட்டு நீ பஸ்ஸப் புடிச்சு வந்து சேர்றதுக்குள்ள நான் எப்புடி வேலைக்குப் போறது? உங்கப்பன் ஒத்தையா கெடந்து உளுந்தா ஆரு தூக்கறது?" அம்மா சொன்னதில் பொய்யில்லை. நாங்கள் இருவரும் இத்தனை நாள் இதைப் பற்றிப் பேசாமலே இருந்திருக்கிறோம். கிடைக்காது என்று இருவருமே நினைத்திருப்போம் போல.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. கோபத்தில் ஒரு எழுத்துகூட வரவில்லை. சண்டையில் சரளமாகப் பேசுகிறவர்தான் ஜெயிப்பார். தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

கட்டிலிலிருந்து அப்பா, தெளிவாக: "அட போடா!"

அம்மா திரும்பினாள். "ஆரச் சொல்றீங்க? என்னையா, அவளையா?"

"செரி."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு அழுதாள். நான் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டு சாப்பிட்டேன். முடிவு எதுவும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

நான் வேலையிலிருந்து வந்தபோது வாசலில் துணி மூட்டைகள். நடுவில் அம்மா, கையில் சின்னக் கத்தரி. பனியனில் நூல் பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கே கேட்டு வாங்கி ஆட்டோவில் ஏற்றிவந்திருக்கிறாள்.

"கூலி கொஞ்சம் கம்மிதான். ஆனா உங்கப்பன் கண்ணு முன்னால இருப்பாரு. நீ போயி சேந்துக்கோ."

என்ன சொல்வது என்று தெரியவில்லை. இது திக்கல் இல்லை.

"பார்த்துட்டு நிக்காத கண்ணு. ரெண்டாவது கத்தரி அந்தப் பையில இருக்குது."

விளக்கு வைக்கும் வரை இருவரும் வெட்டினோம்.

ஜூலை 1, செவ்வாய்

முதல் நாள். வெயில். புது பஸ் ஸ்டாண்டில் கூட்டம், அவிநாசி வரை நின்றுகொண்டே. அம்மா கட்டிக்கொடுத்தது தக்காளி சாதம்.

அலுவலகம் ஒரு மாடியில், கீழே பேக்கரி. மொத்தமே சின்னக் கூட்டம்தான். பனியன் கம்பெனிகளுக்கு பேக்கிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்கிறார்கள். நாற்காலி சுழல்கிறது. ஏசி குளிர், நாளை சால்வை எடுத்துப்போக வேண்டும்.

தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டுமாம். இதை யாரும் என்னிடம் முன்பே சொல்லவில்லை. தினமும்!

மேடம் தனியாகக் கூப்பிட்டார். "வேணும்னா நீங்க சாட்ல எழுதிப் போடலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. உங்க இஷ்டம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மனோஜ் டீ நேரத்தில் வந்தார். நேரடியாகவே கேட்டார். "ஒண்ணு கேட்கணும். நீங்க நிக்கும்போது நான் முடிச்சு வெக்கலாமா, கூடாதா?"

"கூ… கூடாது."

"ஓகே. கஷ்டம்தான், டிரை பண்றேன்."

ஜூலை 3, வியாழன்

வட்டத்தில் என் முறை. சாட் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். 'நேற்று' என்ற சொல்லிலேயே நின்றேன். யாரோ ஜன்னலைப் பார்த்தார்கள், யாரோ ஷூவைப் பார்த்தார்கள். மனோஜ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், பாவம். பாதி சொல்லி, மீதியை விழுங்கிவிட்டு "அவ்வளவுதான்" என்றேன். அவ்வளவு இல்லை. நான் செய்ததில் பெரிய பகுதியைச் சொல்லவே இல்லை.

பஸ்ஸில் அழுகை. பக்கத்து ஸீட்டுப் பெண்மணி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். வீட்டில் சொல்லவில்லை.

நாளை சாட்டில் எழுதிவிடலாமா?

ஜூலை 4, வெள்ளி

எழுதவில்லை. வாயால்தான். நேற்று விழுங்கியதையும் சேர்த்துச் சொன்னேன். மோசம்தான், ஆனால் முழுசு.

ஜூலை 9, புதன்

லேசான தூறல். ஒரு ஸ்கிரீனில் தேதி தப்பாக விழுவதைச் சரிசெய்தேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'சரி, அடுத்தது' என்றார்கள். அது பிடித்திருந்தது.

ரூபி போன். என் இடத்துக்குப் புதுப் பெண் வந்திருக்கிறாளாம், நிறையப் பேசுகிறாளாம், தலைவலிக்கிறதாம்.

ஜூலை 21, திங்கள்

காலையில் அப்பா "தட்டு" என்றார். அம்மாவுக்குச் சந்தேகம், இருமல் என்கிறாள். எனக்கு 'தட்டு' என்றுதான் கேட்டது.

வட்டத்தில் இன்று எனக்கு நிறைய இருந்தது. பேக்கிங் ஸ்கிரீனை மாற்ற இரண்டு வழி, ஒவ்வொன்றிலும் என்ன சிக்கல், எனக்கு எது சரியென்று படுகிறது. நடுவில் பல தடவை நின்றேன். நின்ற இடத்திலிருந்து எடுத்துப் போனேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று கவனிக்கவில்லை.

மனோஜ் கடிகாரத்தைப் பார்த்தார். "ஜெசி, டைம் ஆகுது. கொஞ்சம் சுருக்கமா. மத்தவங்களும் பேசணும்ல?"

மேடம் அவரைப் பார்த்தார். மனோஜுக்கு முகம் சிவந்தது. "ஐயோ, ஸாரி, நான் அந்த அர்த்தத்துல சொல்லல. நீங்க நிக்கிறதச் சொல்லல. உண்மையிலேயே ரொம்ப பேசிட்டீங்க…"

ரொம்பப் பேசிவிட்டேனாம்.

என்னைப் பார்த்து யாரும் இதைச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில், வீட்டில், கம்பெனியில், யாருமே. சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"இ… இருங்க மனோஜ். இன்னும் ரெண்டு பாயின்ட் இருக்கு" என்றேன். சொன்னேன். எல்லோரும் நின்று கேட்டார்கள், கொஞ்சம் சலிப்போடு, மற்றவர்கள் பேசும்போது கேட்பது மாதிரியே.

உண்மையில் மூன்று இருந்தது. மூன்றாவதை நாளைக்குச் சொல்ல வேண்டும்.