முருகேசன் எழுதவேண்டிய தேர்வு

ஞாயிறு, இரவு.

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை. அதற்காகப் பொய் எழுத மாட்டேன்.

தி. நகரில் ஆங்கிலத் திறன் தேர்வு. அதில் தேறினால்தான் வெளிநாட்டில் நடக்கும் மாணவர் முகாமுக்கு விண்ணப்பிக்க முடியும். இதை விட்டால் இந்த வருடம் வேறு தேர்வு இல்லை. வரவேற்பு மேசையில் இருந்த அக்கா கணினியைப் பார்த்துவிட்டு, "முருகேசன்னுதான் பணம் கட்டியிருக்கு. உன் பேரே இல்லம்மா. புதுசா ஃபீஸ் கட்டினா உள்ள போலாம்" என்றார்.

முருகேசன் என் அப்பா. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? என் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன். அவர்கள் என் பெயரை விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

"அப்போ நானே போய் எழுதிட்டு வரவா? இன்னொரு வாட்டி கட்ட துட்டுக்கு எங்க போறது?" என்று கூட வந்திருந்த அப்பா கத்தினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரூல்ஸ் சார்" என்றார் அந்த அக்கா. அவர் பேட்ஜில் 'எஸ். கவிதா' என்று இருந்தது.

"அக்கா, அந்த எஸ் யாரு?"

"எங்கப்பா, செல்வம். ஏன்?"

"உங்க சம்பளம் அவர் பேர்லயா வருது?"

முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். யாருக்கோ போன் செய்து பேசி, பணம் வாங்காமலே உள்ளே விட்டார். அதற்குள் கேட்டு எழுதும் பகுதி பாதி முடிந்திருந்தது.

கடைசியில் பேச்சுத் தேர்வு. முதல் கேள்வியே, உன் முழுப் பெயர் என்ன?

"இன்னா, முருகேசன் பாஸா?" என்று அப்பா இப்போதும் கேலி செய்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டுக்கொண்டே விளக்கையும் அணைத்துவிட்டார்; இந்த வரி இருட்டில் எழுதியது.