வாயை மட்டும் அசைத்த பாட்டு

மாத்தளை,
20.11.2007.

அன்பு மகள் பரிமளத்துக்கு, அப்பா மாணிக்கவாசகம் எழுதுவது. நீயும் நீ வேலை செய்கிற குவைத் வீட்டுக் குழந்தைகளும் நலமாயிருக்க அம்மன் துணை. இங்கே நாங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழும்புகிறோம். அதைச் சுகம் என்று எழுதலாமென்றால் சுகம்.

முதலில் சிரிக்கிற விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சமாதானக் கச்சேரி நடந்த டவுன் மண்டபத்தில், வந்த சனமெல்லாம் பார்க்க, உன் அப்பா நான் ஒரு கையால் இடுப்பு வேட்டியைப் பிடித்தபடி நின்றேன். வாசலில் ஆமிக்காரப் பையன் பெல்ட்டைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டான். நீ அனுப்பிய பெல்ட்தான். அதன் கொக்கி பெரிய இரும்பாம், உள்ளே விட முடியாதாம். பெல்ட் இல்லாமல் வேட்டி கட்டத் தெரியாத பஜனைக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கஸீதா என்கிற முஸ்லிம் பக்திப் பாட்டுப் பாட வந்திருந்த மஹ்ரூப் பார்த்துவிட்டு, “அண்ணே, சமாதானம் கீழ விழுந்திரப் போகுது, நல்லாப் புடிச்சுக்கங்க” என்று சொல்லி, தன் றபான் மேளத்துப் பையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் தந்தார். அதை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் மேடை ஏறினேன்.

இந்த வயதில் மேடை எதற்கு என்று கேட்பாய். நான் பேரில் மட்டும்தான் மாணிக்கவாசகம். படிப்பு எட்டாம் வகுப்பு, குரல் தேயிலை ஸ்டோரில் தூசி தின்ற குரல். எல்லாம் உன் தம்பிக்காகத்தான். சிவஞானத்தைக் கொழும்பு லொட்ஜில் ரவுண்டப்பில் பிடித்துக்கொண்டு போனது ஆடி மாதம். பொலிசில் கேட்டால் இங்கே இல்லை, வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். எந்த இடம் என்று கேட்டால் முறைக்கிறார்கள். கடையில் சீனி நிறுத்துக் கொடுத்தவனுக்கு எதற்கு இத்தனை இடம்?

அப்போதுதான் ஹார்ட்வெயார் லெட்சுமணன் முதலாளி நம் தோட்டத்து லயத்து வீட்டுக்கே காரில் வந்தார். சமாதானத்துக்காக நாலு மதத்துப் பக்திப் பாட்டுக் கச்சேரி வைக்கிறார்களாம், அவர்தான் கமிட்டிச் செயலாளராம். பிரித் ஓதப் புத்த ஹாமதுருமார், சேர்ச் பிள்ளைகள், கஸீதாக்காரர்கள், இந்து சமயத்துக்கு நம் தோட்டத்துப் பஜனை. கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் பிரதம விருந்தாளியாக வருகிறாராம். “நீங்க வந்து பாடுங்கண்ணே. பாட்டு முடிஞ்சதும் அவர ரூமுல உங்களோட உக்கார வைக்கிறது என் பொறுப்பு. தம்பி விசயத்த நீங்களே சொல்லுங்க” என்றார். உன் அம்மா அந்த நிமிசமே சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டாள்.

என் சிங்களம் உனக்குத் தெரியும். அதைக் கொண்டு மரக்கறி வாங்கலாம், மகனைக் கேட்க முடியாது. அதனால் மஹ்ரூபிடம் ஒரு வசனம் திருத்தி வாங்கினேன். “மகே புத்தாவ தென்ன, மாத்தயா.” என் மகனைத் தாருங்கள் ஐயா என்று அர்த்தம். நீளமாகப் பேசினால் பெரியவர்கள் கேட்க மாட்டார்கள், இதைச் சொல்லிவிட்டுக் கையைக் கும்பிடுங்கள் என்றார். பதிகத்தைவிட இதைத்தான் அதிகம் ஒத்திகை பார்த்தேன். அம்மா சட்டி கழுவும்போதும் அதையே முணுமுணுத்தாள். இப்போது அவளுக்கும் சிங்களத்தில் ஒரு வசனம் தெரியும்.

மண்டபத்தில் நடந்ததையும் கேள். எங்களை உட்காரவைத்த இடம் கக்கூசுக்குப் பக்கத்து ஒடுங்கின நடை. விருந்தாளிகளுக்கு முன்னால் கேக்கும் வாழைப்பழமும் அடுக்கியிருந்தது. எங்களுக்குக் காய்ந்த பணிஸ், ஆறி ஆடை கட்டிய பிளேன்டீ. சமாதானம் என்று எழுதிய நாடாவை எல்லோர் நெஞ்சிலும் குத்திவிட்டார்கள். அதைக் குத்தின பிறகும் நம்மவர்களை மட்டும் தனி வரிசையில் நிறுத்தி ஐடி கார்டு பார்த்தார்கள்.

மூன்று பாட்டு என்று சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஒன்றாக்கினார்கள். லெட்சுமணன் முதலாளி ஓடி வந்து இன்னொன்றும் சொன்னார். நம் பதிகம் அழுகிற ராகமாக இருக்கிறதாம், சமாதானமென்றால் சிரித்த முகமாகப் பாட வேண்டுமாம். அதோடு, “கடைசியில ‘நம பார்வதி பதயே’ன்னு கோஷம் மட்டும் போட்றாதீங்க. பெரியவரச் சுத்தித் துவக்கோட ஆமிக்காரங்க நிப்பாங்க. திடீர்னு கூட்டமாக் கத்தினா பயந்துருவாங்க” என்றார். சிவன் பேரைக் கேட்டுத் துவக்கு பயப்படுகிற காலம்.

பெரியவர் நேரம் போய்த்தான் வந்தார். வந்ததும் பேசினார். நாமெல்லாம் ஒரு தாய் பிள்ளைகள் என்று பேசினார். அதைக் கேட்டு எனக்கு ஒரு நிமிசம் நம்பிக்கை வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது. பிறகு நாங்கள் பாடினோம். மற்றக் கோஷ்டிகள் நன்றாகவே பாடினார்கள். சேர்ச் பிள்ளைகள் பாடியபோது எனக்கே கண் கலங்கியது. பாடினவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

பதிகம் முடிந்ததும் வழக்கம்போல் கோஷத்துக்கு வாய் திறந்தேன். முதலாளி முறைத்தார், மூடிக்கொண்டேன். கோஷம் இல்லாத பஜனை உப்பில்லாத கஞ்சி. மார்கழியில் நான் ‘நம பார்வதி பதயே’ என்றால், பின்வரிசையிலிருந்து எல்லோருக்கும் முந்தி ‘ஹர ஹர மகாதேவா’ என்று கத்துவது யார் என்று உனக்குத் தெரியும். அவன் இல்லாத இடத்தில் கோஷம் எதற்கு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பெரியவர் எனக்குச் சால்வை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். அவர் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வசனம் நாக்கு நுனியில் வந்துவிட்டது. முதலாளி என் முழங்கையை அழுத்தி, ரூமில், ரூமில் என்றார். ரூமுக்குப் போனேன். கேக் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. பெரியவர் பின்வாசலால் காரில் ஏறிப் போய்விட்டாராம். முதலாளியும் அவரோடு போட்டோ எடுக்கக் கார்வரை ஓடிவிட்டார்.

திரும்பி வந்தால் டீவிக்காரர்கள் எங்களை மறுபடி மேடையில் ஏற்றினார்கள். நாங்கள் பாடும்போது அவர்கள் கமரா பெரியவரைத்தான் பிடித்துக்கொண்டிருந்ததாம். ஒரு பக்கம் சபை உட்கார்ந்த கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். “சத்த எப்பா, கட்ட விதரய்” என்றான் கமராக்காரன். சத்தம் வேண்டாமாம், வாய் மட்டும் போதுமாம். ஒருவர் பின்னால் ஒருவராக நாலு கோஷ்டியும் ஊமைப் படம் மாதிரி வாயசைத்தோம். மஹ்ரூப் சத்தமில்லாமல் றபான் தட்டினார். நானும் வாயசைத்தேன். தலைப்பாட்டுக்காரன் என்று கமராவை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தான். இறங்கி வந்து வாசலில் காறித் துப்பினேன். இனி அந்தப் படியை மிதிக்க மாட்டேன்.

சால்வையை அம்மா விரித்துக்கூடப் பார்க்கவில்லை. முதலாளியை நாளைக்குப் போய்ப் பார்க்கச் சொல்கிறாள். போவேன். துப்பிய வாயால் பல்லைக் காட்டி நிற்பேன், வேறு என்ன செய்வது.

நீ அங்கே அழுதுகொண்டு வேலை செய்யாதே. மேடத்திடம் தம்பி கதையைச் சொல்லாதே, எதையாவது தப்பாக நினைத்துக்கொள்வார்கள். இரவில் கதவைப் பூட்டிப் படு. உன் கை கால் சுகத்துக்கும், நீங்கள் இரண்டு பேரும் ஒரே வாசலால் இந்த வீட்டுக்குள் வருவதற்கும் அம்மன் வழி விடட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மாணிக்கவாசகம்.

பி.கு: கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன், இதைப் பிறகுதான் எழுதுகிறேன். அந்தக் கச்சேரியை டீவியில் போடுவார்களாம். படத்துக்கு மேல், முதலில் பாடிய பாட்டுச் சத்தத்தைச் சேர்த்துவிடுவார்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கே உனக்குப் பார்க்கக் கிடைத்தால் என் உதட்டை மட்டும் பார். மற்றவர்கள் பதிகத்துக்கு வாயசைத்தார்கள். நான் அசைத்தது பதிகம் இல்லை, மகளே.

மகே புத்தாவ தென்ன, மாத்தயா.