அரசாங்கம் கொடுத்த கோலம்

6 ஜூலை 2025, ஞாயிறு

கிணறு மறுபடியும் கைவிட்டது. சேறுதான் வருகிறது. நர்சரியில் பாதிச் செடிக்குத் தண்ணீர் இல்லை. எஸ்டேட் காலத்தில் வெட்டிய கிணறு இது. ரப்பர் மரங்களைச் சாய்த்துத் தாமான் குடியிருப்பு கட்டியபோதுகூட வற்றவில்லை. சந்து பொந்தெல்லாம் தாரும் சிமெண்டும் பூசிய பிறகுதான் இந்தக் கதி. எங்கள் செமோரில் மழைக்கா பஞ்சம்? கொட்டுவது அத்தனையும் லோங்காங் வடிகாலில் விழுந்து ஆற்றுக்கு ஓடிவிடுகிறது. குழாய்த் தண்ணீரை நம்பி நர்சரி நடத்த எனக்குக் கட்டுப்படியாகாது. இழுத்து மூடு என்கிறான் தம்பி. மூட மாட்டேன்.

11 ஜூலை, வெள்ளி

கோயில் தலைவர் அப்பாவு அண்ணன் பூசை முடிந்ததும் மைக்கில் சொன்னார்: "கவர்மெண்டு நம்ம தாமானுக்குக் கோலத்துக்கு உதவி குடுக்குதாம். நாளைக்குக் காலையில எல்லாரும் திடலுக்கு வந்துருங்கலா."

கோலத்துக்கெல்லாமா உதவி? எதிர்வீட்டு வீரம்மா அக்கா இப்போதே மாவு சலிக்க உட்கார்ந்துவிட்டார்.

12 ஜூலை, சனி

மாவு டப்பாவும் கையுமாகப் பெண்கள் கூட்டமே போய் நின்றோம். வடிகால் இலாகா இஞ்சினியர் அம்மா புவான் நோராய்னி வரைபடத்தை விரித்தார். அதில் இருந்தது குளம்!

மலாயில் குளத்துக்குக் கோலம் என்றுதானே பெயர். பிறந்ததிலிருந்து பேசுகிற மலாய்தான். ஆனால் கோயில் மைக்கில் கேட்டதும் அரிசிமாவுதான் மண்டையில் ஏறியது.

லோங்காங் தண்ணீரைத் திடலுக்குத் திருப்பி, வடிகட்டி, குளத்தில் விடுவார்களாம். அடியில் மணல் என்பதால் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும், கிணறுகள் ஊறும். செலவு அரசாங்கத்துடையது. தாமான்காரர்கள் இன்றே சம்மதம் சொல்ல வேண்டும்.

அப்பாவு அண்ணன் சிரித்தார். "பாத்தீங்களா புவான், இவங்களுக்கு மாவுக் கோலம்தான் தெரியும். குளம்னா கொசு வரும். தார் போட்டுக் கார் நிறுத்த இடமாக்கிக் குடுங்க."

உடம்பெல்லாம் எரிந்தது. யாரு இவரு, எங்களுக்குப் பதிலா பேச? என் கிணறு செத்துக்கிட்டு இருக்கு, இவருக்குக் கார் நிக்கணுமாம், கார்!

"புவான், குளம் எது வரைக்கும் வரும்? நடந்து காட்டுங்க" என்றேன். அவர் நடக்க நடக்க, பின்னாலேயே மாவு விட்டுக்கொண்டு போனேன். என் டப்பா தீர்ந்ததும் வீரம்மா அக்கா தன்னுடையதை நீட்டினார். வட்டம் முடிந்ததும் கத்தினேன்: "குளம் வேணும்ங்கிறவங்க உள்ள வாங்க!"

பெண்கள் அத்தனை பேரும் உள்ளே. வீட்டுக்காரி முகத்தைப் பார்த்துவிட்டு ஆண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அப்பாவு அண்ணன் மட்டும் வெளியே.

"அண்ணே, கோலத்த மிதிச்சிராதீங்க" என்றேன். புவான் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தார்.

13 ஜூலை

கோலத்தை எறும்பு தின்றுவிட்டதாம். அப்பாவு அண்ணன் வேலை மெனக்கெட்டு வந்து சொல்லிவிட்டுப் போகிறார். தின்னட்டும். திரும்பப் போடுவேன்.

3 செப்டம்பர், புதன்

மண் வாரும் இயந்திரம் திடலில் இறங்கிவிட்டது. ஓரமாகக் கார் நிறுத்தக் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கிவிட்டார் அண்ணன். போகட்டும், பாவம்.

26 அக்டோபர், ஞாயிறு

நேற்றுப் பேய்மழை. குளம் நிறைந்து தளும்பியது. இன்று மாலை அப்பாவு அண்ணன் வாசலில் நின்று கூப்பாடு: "தினேஸ்வரி! குளத்துல தண்ணியக் காணோம்லா! ஒழுகுது! காண்ட்ராக்டர் ஏமாத்திட்டான்!"

"ஒழுகத்தானே அண்ணே தோண்டுனோம்."

"அப்ப கொசு?"

"தண்ணியே நிக்கல, கொசு எங்கருந்து வரும்?"

விழுந்து விழுந்து சிரித்தேன். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து! அவருக்கும் சிரிப்புதான், காட்டிக்கொள்ளவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

சித்தியவானிலிருந்து மல்லிக் கன்றுகள் லாரியில் வந்தன. வைக்க இடமில்லை என்று தம்பி முணுமுணுக்கிறான். வேலியைத் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். எழுதிக்கொண்டே இருந்துவிட்டேன் — கிணற்றுப் பம்ப் இன்னும் நல்ல தண்ணீராக இறைத்துக்கொண்டிருக்கிறது. போய் நிறுத்த வேண்டும்.