கூடையை விட்டுவிட்டுத் தண்ணீரை எழுது

பிகெனிபெயு, தராவா

மெரியாங்,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைக்கும்போது உன் அம்மா முதலில் பேசுகிறாள், பிறகு உன் தம்பிகள் பேசுகிறார்கள், கடைசியில் என் கைக்கு வரும்போது வீடே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. நான் உம் கொட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். அது தணிகிற வகை இல்லை என்று தெரிந்துவிட்டதால் இன்று எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம். மழை இல்லை, தொட்டியில் பாதிக்குக் கீழே தண்ணீர், உன் அம்மாவின் முழங்கால் வலி பழையபடியே. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு நலத்தோடு, தலை நிமிர்ந்து இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். தலை நிமிர்ந்து என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

ஆய்வேட்டை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக இன்னும் இரண்டு மூன்று பாடங்கள் படித்து ஒரு தேர்வு எழுதி முடித்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். "ரெண்டும் ஒரே பட்டந்தாம்மா, சுவர்ல மாட்டினா எது எதுன்னு யாருக்கும் தெரியாது" என்று சொன்னாயாம். சுவரில் மாட்டுவதற்காக உன்னை ஹொனலூலுவுக்கு அனுப்பவில்லை. உன் துறையின் கையேட்டை அலுவலகத்தில் அச்செடுத்து, மற்றவர்கள் வேதாகமத்தைப் படிப்பதுபோல் படித்து வைத்திருக்கிறேன். மொத்தம் முப்பது கிரெடிட். அதில் ஆறு ஆய்வேட்டுக்கு. சராசரி 'பி'க்குக் கீழே போகக் கூடாது. மூன்று பேர் கொண்ட குழு, மூவரும் ஒப்ப வேண்டும், கடைசியில் எல்லோர் முன்னும் வாய்மொழித் தேர்வு. நீ சுவாவில் இளங்கலைக்குப் படித்தது பொறியியல் இல்லை என்று சொல்லி, பாய்ம இயக்கவியலும் மண் இயக்கவியலும் கூடுதலாகப் படிக்க வைத்தார்கள், அதற்குக் கிரெடிட்டே கிடையாது. அதையும் படித்தாய், 'ஏ' வாங்கினாய். இப்போது பாதை மாறினால் ஆய்வுக்காகப் போட்ட கிரெடிட்டுகள் கணக்கில் வராது என்று அதே கையேட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்தாயா, இல்லை யாராவது தோளைத் தட்டி "பரவாயில்ல, இதுவும் நல்ல வழிதான்" என்று சொன்னதை நம்பிவிட்டாயா? அப்படித் தோளைத் தட்டுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் அலுவலகத்தில் என் பிரிவின் தலைமைப் பதவியை முதுகலைப் பட்டம் வைத்திருந்த ஒருவனுக்குக் கொடுத்தபோது என் தோளையும் இப்படித்தான் தட்டினார்கள். வந்த அன்றே அவன் என்னிடம் கடற்பக்கம் எது, காயல்பக்கம் எது என்று கேட்டான்.

நீ ஏன் விட நினைக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நம் சொந்தத் தீவு அபையாங்கில் நடந்தது முழுவதும் என் காதுக்கு வந்துவிட்டது. நீ கருத்தரங்கில் பேசுகிறாய் என்று தெரிந்து, உன் பெரியப்பாவின் பக்கத்து நிலத்துக்காரன் பெத்தேரோவின் மருமகன், ஹொனலூலுவில் ஹோட்டலில் வேலை செய்கிறவன், நம் ஊர்ப் பெண் மேடை ஏறுகிறாள் என்று மாலை கட்டி எடுத்துக்கொண்டு வந்தான். உன் குழுவில் இருக்கும் அந்த நுண்ணுயிரியல் பேராசிரியை அம்மாள், பபாய்க் கிழங்கு நட்ட குழித் தண்ணீரில் இவ்வளவு நைட்ரேட் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நல்ல மாணவியான நீ எழுந்து நின்று, உன் பெரியப்பா கிழங்கைச் சுற்றி முடையும் அடியில்லாக் கூடையில் உரமாக எந்தெந்த இலை, எந்த மண், எதை எதற்கு முன்னால் போடுகிறார் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாய், திரையில் அட்டவணையாகவும் காட்டினாய். மெரியாங், அந்த ரகசியத்தைக் கல்யாணமாகி வந்த மருமகளிடம்கூட ஒரு பிள்ளை பிறக்கும்வரை சொல்ல மாட்டார்கள். உன் அம்மாவுக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. மாலை உன் கழுத்தில் வாடுவதற்குள் செய்தி அபையாங் போய்விட்டது. அடுத்த விருந்துக்குக் கிழங்கு கொண்டுவந்து வைத்தபோது பெத்தேரோ மனேயபா முழுவதும் கேட்கும்படி உன் பெரியப்பாவைப் பார்த்து, "என்ன தெபுகா, உன் கூடையில என்ன இருக்குன்னு அமெரிக்காக்காரன் சொல்லித்தான் நாங்க தெரிஞ்சுக்கணுமா? பக்கத்து நிலத்துக்காரன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றானாம். ஊர் மண்டபம் மொத்தமும் சிரித்திருக்கிறது. உன் பெரியப்பா கிழங்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் உனக்குச் சொல்லி அனுப்பினார், என் குழியை உன் புத்தகத்திலிருந்து எடு என்று. அந்தக் குழியை எடுத்தால் உன் ஆய்வில் மிச்சம் இருப்பது முன்னுரையும் நன்றியுரையும்தான். நீ செய்தது தவறு. அதைப் பூசி மெழுக எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தவறுக்குப் பயந்து செய்த வேலை முழுவதையும் தூக்கிப் போடுவது அதைவிடப் பெரிய தவறு.

ஆகவே நான் அபையாங் போனேன். உன் தாத்தாவின் அடக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். "படிச்சவனுக்கு நிலம் எதுக்கு, அவன் தாளை நட்டுக்கட்டும்" என்று அன்று உன் பெரியப்பா சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கிற எண்ணமும் இல்லை. மறக்காமலேயே படகேறினேன். புகையிலைக் கட்டு வாங்கிக்கொண்டேன், உன் அம்மா அரிசியும் டின் இறைச்சியும் கட்டிக் கொடுத்தாள். காயல் கொந்தளிப்பாக இருந்தது, முழுக்க நனைந்துதான் இறங்கினேன். மனேயபாவில் நம் குடும்பத்துக்கு உரிய தூணடியில் அண்ணனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்காமலே, "என்ன தம்பி, தராவாக் குழாயெல்லாம் வத்திப்போச்சா, எங்க கிணத்தைத் தேடி வந்துட்ட?" என்றார். நான் புகையிலையை முன்னால் நகர்த்தினேன். அதற்குப் பிறகு மழையைப் பற்றியும் மீனைப் பற்றியும் புதிய பாதிரியாரின் நீளமான பிரசங்கத்தைப் பற்றியும் பேச்சு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் உன் அத்தைதான், "நீங்க ரெண்டு பேரும் விஷயத்துக்கு வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு நரைச்சிடும். யாராவது ஒருத்தர் வாயைத் திறங்க" என்றாள்.

நான் திறந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அது நீ வந்து செய்ய வேண்டியது, நீயே செய்வாய். நான் கேட்டது ஒன்றுதான், கடலோரக் குழியில் உப்பேறி இலை மஞ்சளாகிறதா இல்லையா என்று. பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் எடுக்க நம் நிலத்தின் ஓரத்தில் குழாய் புதைத்து பம்பு வைக்கப் போகிறார்கள், வரைபடத்தை நான் அலுவலகத்தில் பார்த்தேன் என்றேன். மணலுக்கு அடியில் மிதக்கும் நல்ல தண்ணீர் அந்த இடத்தில் எவ்வளவு மெலிந்திருக்கிறது, அவ்வளவு வேகமாக இழுத்தால் உப்பு எப்படி மேலே ஏறும் என்பதை அளந்து வைத்திருப்பவள் உலகத்தில் ஒருத்திதான், அவளுடைய எண்கள் ஆய்வேடாக மூன்று பேர் ஒப்பி நூலகத்தில் ஏறினால் அந்தப் பம்புக்காரர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது, அவள் பாடம் படித்துத் தேர்வு எழுதிவிட்டு வந்தால் அவளுக்குப் பட்டம் கிடைக்கும், நமக்கு உப்புக் கிடைக்கும் என்றேன். "உன் ஆபீஸ்தானே பம்பு வைக்குது, நீ சொல்லித் தடுக்க வேண்டியதுதானே?" என்று உன் பெரியப்பா கேட்டார். என் பேச்சை அங்கே யார் கேட்கிறார்கள் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கசந்தது என்பதை நீ கணக்கில் வைத்துக்கொள். அவர் முதல் தடவையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் பபாய்க் குழிப் பக்கம் நின்றுவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்து, "தண்ணியப் பத்தி என்ன வேணா எழுதட்டும். கூடையப் பத்தி ஒரு எழுத்து இருந்தாலும் அவ இந்தத் தூணடியில உட்கார முடியாது. பெத்தேரோ சிரிச்சா சிரிக்கட்டும், அவன் கிழங்கு எவ்வளவு பெருசு வருதுன்னு அடுத்த விருந்துல பாப்போம்" என்றார். பாதிரியாரும் தீவு மன்றத்து எழுத்தரும் அங்கே இருந்தார்கள், எல்லோரும் கேட்டார்கள். நானும் அண்ணனும் அதற்குப் பிறகு ஒன்றாக மீன் சாப்பிட்டோம்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த அட்டவணையை அடியோடு எடு. பின்னிணைப்பில்கூட விடாதே. நைட்ரேட் அளவுகள் அப்படியே இருக்கட்டும், அது தண்ணீரில் இருப்பது. எங்கிருந்து வந்தது என்றால் இலையுரம், உள்ளடக்கம் நிலத்துக்காரர்களின் வேண்டுகோளின்படி தரப்படவில்லை என்று ஒரே வரியில் எழுது. அந்த நுண்ணுயிர் அம்மாள் மறுபடி கேட்டால், அந்த வரியை மறுபடி சொல். எத்தனை தடவை கேட்டாலும் அதே வரி. எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்திருப்பது வேறு, எல்லா விடையையும் சொல்லிவிடுவது வேறு. கருத்தரங்குக் கோப்பைத் துறையின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தால் நாளைக்கே எடுக்கச் சொல். ஆய்வேட்டை ஒப்படைக்கும் தேதிக்கு முன்னால் வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிக்க வேண்டும், மூன்று பேரும் ஊரில் இருக்கும் நாளாகப் பார். அந்த வாரத்தில் விருந்து, பிறந்தநாள், அங்கிருக்கும் நம் ஊர்க்காரர்களின் கிரிபாஸ் சங்கத்து நடனம் என்று எவன் கூப்பிட்டாலும் போகாதே.

உன் ஆய்வு வழிகாட்டி நாகமினே பேராசிரியர் கொடுத்ததாக நீ அனுப்பிய அந்தச் சம்மதத் தாளைப் பார்த்தேன். நிலப் பதிவில் உன் தகப்பனார் பெயரும் இருக்கிறதே, அவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் அவருக்கு இது புரியாது. அந்த நிலம் அண்ணன், நான், உன் அத்தை என்று எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான். ஒருவன் மட்டும் கையெழுத்துப் போட்டால் ஊரில் அதற்குப் பெயர் சம்மதம் இல்லை, திருட்டு. உன் பெரியப்பாவிடம் தாளை நீட்டினேன். "நான் இங்க உட்கார்ந்து சொன்னது ஊருக்கே கேட்டுச்சு. அதுக்கு மேல மசி எதுக்கு?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. கையேட்டில் நிலத்துக்கான அனுமதி, குழு ஏற்கும் வகையில் இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது, கையெழுத்து என்ற சொல்லே கிடையாது, போய் மறுபடி படி. மனேயபாவில் இன்னது சொல்லப்பட்டது என்று தீவு மன்றத்து எழுத்தர் சாட்சியாக எழுதி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார், இத்துடன் வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு குழுவின் முன்னால் போய் நின்று, எங்கள் ஊரில் அனுமதி என்றால் இதுதான் என்று சொல். அழாதே, கெஞ்சாதே, குரலை உயர்த்தாதே. ஏற்க மாட்டோம் என்றால் ஏன் என்று எழுத்தில் கேள், துறைத் தலைவரிடம் போ, அதற்கு மேலே யார் என்று பார். என்னிடம் பேச வேண்டும் என்றால் பேசட்டும், என் ஆங்கிலம் அவர்களுடையதற்குக் குறைந்ததில்லை. ஒரு பருவம் கூடுதலாக ஆனாலும் ஆகட்டும். பாதை மாறுகிறேன் என்ற பேச்சை மட்டும் இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் கேட்கக் கூடாது.

முடிந்ததும் நேராக இங்கே வராதே, முதலில் அபையாங் போ. பெரியப்பாவுக்குப் புகையிலை, அத்தைக்கு நல்ல துணி. குழிக்கரையில் அவர் கூப்பிடும்வரை நில். உன் அம்மா காய்ந்த தாழம்பழப் பாகு அனுப்பியிருக்கிறாள், பூச்சி வருவதற்குள் சாப்பிடு. உடல்நலமும் அமைதியும் வளமும் உன்னைவிட்டு நீங்காமல் இருக்கட்டும். பட்டத்துக்கான விண்ணப்பத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும், பலர் அதை மறந்து ஒரு பருவம் இழக்கிறார்கள், நீ மறக்காதே.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். சாட்சித் தாளோடு இந்தக் கடிதமும் உன் மேசைமேல் கிடக்கும். அதன் அடியில் என் பெயரைப் பார்த்தால், தகப்பனார் கையெழுத்துத்தான் இருக்கிறதே என்று யாராவது அதையும் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுவார்கள், வேலை முடிந்தது என்பார்கள். அண்ணனிடம் மூவரில் ஒருவர் பெயரும் தனியாகத் தாளில் ஏறாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என் எழுத்தின் சாயலை நீ முதல் வரியிலேயே அடையாளம் கண்டிருப்பாய். நான் அளந்த கிணறுகள் எத்தனையோ பேருடைய அறிக்கைகளில் என் பெயர் இல்லாமல் போயிருக்கின்றன, அதெல்லாம் அவர்கள் விட்டது. இந்த ஒன்றில் நானே விடுகிறேன். இப்படியே உறையில் போட்டு நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன்.