மலருக்கு வந்த ஆப்பிள்

ஜூலை 9, புதன்.

பாணேரில் மனநல டாக்டரைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினால், எதிரில் ஆட்டோவோடு செல்வம். நாங்கள் குடியிருக்கும் கட்கியில் யார் கண்ணிலும் படக்கூடாதென்றுதான் அவ்வளவு தூரம் போகிறேன். காலையில் மைதானத்தில் நான் மூச்சுப்பயிற்சி சொல்லித்தருகிறவர்களில் அவனும் ஒருவன். படபடப்பாக வருகிறது, டாக்டரிடம் போகட்டுமா என்று போன மாதம் கேட்டான். மாத்திரை எதற்கு, மூச்சைக் கவனித்தால் போதும் என்றேன். அப்போதே என் சட்டைப்பையில் மாத்திரை இருந்தது.

"மலருக்குத்தான் முடியல. அதான் கேட்டுட்டுப் போக வந்தேன்" என்றேன். பெண்டாட்டி பேர்தான் முதலில் வாயில் வந்தது.

சாயங்காலம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"இப்ப எப்படி இருக்கு அண்ணி? பாணேர் டாக்டர்கிட்ட காட்டுறீங்களாமே."

மலர் என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"பரவால்ல தம்பி. இப்பத்தான் தூக்கம் வருது."

"மாத்திரை கேக்குதா?"

"கேக்குது. மொதல்ல வெளிய சொல்ல வெக்கமாத்தான் இருந்துச்சு. உனக்கும் படபடப்புன்னா போய்ப் பாரு. அண்ணன் அட்ரஸ் குடுப்பாரு."

எழுதிக் கொடுத்தேன். அவன் அதை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

அவன் போனபிறகு மலர் கத்தியும் தட்டும் எடுத்து வந்தாள். ஆப்பிளை நறுக்கித் தட்டை என் முன்னால் வைத்தாள்.

"முடியாதவங்களுக்குன்னு வாங்கிட்டு வந்திருக்கான். சாப்பிடுங்க."