மரத்துப்போகாத கை

டாக்டரம்மாவுக்கு, அதாவது என் தங்கைக்கு,

எங்கள் நகைக்கடை முதலாளி நேற்று என்னை மறுபடியும் மோதிரம் போட்டுக் காட்டும் கவுண்டருக்கே அனுப்பிவிட்டார். புறங்கையெல்லாம் சுருக்கமும் நரம்புமாகத் தெரிகிறதென்று என்னைப் பெட்டி அடுக்க உள்ளே தள்ளிய அதே மனுஷன்தான். "கைக்கு என்னக்கா பண்ணீங்க?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி பண்ணினா" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது.

என் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுழற்றி, தெளிந்ததை மட்டும் சுருக்கம் போக ஊசியால் என் புறங்கையில் ஏற்றினாய். மூன்று முறை வந்தேன். நம் பேச்சையே முறித்த அப்பா வீட்டுப் பங்கைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்கும் சேர்த்து நன்றி.

இப்போது ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. ஊசிக்கு முன்னால் மரத்துப்போக வைக்கிற கிரீமைத் தடவி, என் கையை உன் மடியில் வைத்துக் கிள்ளிக் கிள்ளிக் கேட்பாயே, "மரத்துப்போச்சாக்கா?" என்று? ஒவ்வொரு முறையும் "இன்னும் இல்லடி" என்றேன். "உனக்கு மட்டும் ஏன்தான் இப்படியோ" என்று அலுத்துக்கொள்வாய். வெளியே ஆட்கள் காத்திருந்தும், என் கையை விடாமல் உட்கார்ந்திருப்பாய்.

அத்தனையும் பொய். கை எப்போதோ மரத்துப்போயிருந்தது. நீ பிடித்திருப்பதுகூட எனக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இனி வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை வரட்டுமா? கிரீம் வேண்டாம்.

உன் அக்கா